ஒரே பெயர், வேறு வேறு கிருமி: வயிற்றுப்புண் பற்றிய கேள்விகள்

கேள்வி: எனக்கும் அண்ணாவுக்கும் எண்டொஸ்கொபி ரிப்போர்ட்டில் ‘எச். பைலோரி’ என்றுதான் எழுதியிருக்கிறது. அண்ணாவுக்கு முன்சிறுகுடலில் புண் வந்து இரத்தம் போய், வார்ட்டில் வைத்திருந்தார்கள். எனக்கு ஏப்பத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஒரே கிருமி எப்படி இரண்டு விதமாக நடக்கும்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: பெயர்தான் ஒன்று. எச். பைலோரி, அதாவது ஹெலிக்கோபக்டர் பைலோரி அளவுக்கு ஆளுக்கு ஆள் மாறுபடும் பற்றீரியா அரிது. அதன் முழு மரபுத்தொகுதியும் முதன்முதலாக 1997இல் வாசிக்கப்பட்டது. சுமார் 16 இலட்சத்து 70 ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள், ஏறத்தாழ 1,600 மரபணுக்கள். 1999இல் வேறொரு நோயாளியின் கிருமியை அதோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 6, 7 மரபணுக்கள் மற்றதில் இல்லவே இல்லை. பெருகும்போது இது நிறையப் பிழை விடும், திருத்தும் வசதியும் அதற்குக் குறைவு. போதாததற்கு, பக்கத்தில் செத்துக் கிடக்கும் கிருமியின் டிஎன்ஏயை உள்ளிழுத்துத் தன்னுடையதோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வேறுபாடுகளில் நோயோடு நெருங்கிய தொடர்புள்ளவை இரண்டு. ஒன்று ‘காக்’ தீவு. 40,000 எழுத்து நீளமான, 30 மரபணு அளவு கொண்ட ஒரு துண்டு. சில கிருமிகளில் அது முழுதாக இருக்கும், சிலவற்றில் அரைகுறை, சிலவற்றில் அறவே இல்லை. இருக்கிற கிருமி ஊசி போன்ற ஒரு குழாயைக் கட்டி, வயிற்றுச் சுவரின் கலத்துக்குள் காக்-ஏ என்ற புரதத்தை ஏற்றிவிடும். உள்ளே போன புரதம் கலத்தின் கட்டளைகளைக் குழப்பும். கலங்களுக்கு இடையிலான பிடி தளரும், அழற்சி கூடும். மற்றது வாக்-ஏ. இந்த நச்சு எல்லாக் கிருமியிலும் உண்டு, வீரியம்தான் வேறு. எஸ்1, எம்1 வகை கலங்களில் குமிழ் குமிழாய் ஓட்டை விழுத்தும். எஸ்2 வகை அநேகமாகச் சாது.

ஆனால் உங்கள் இருவர் விடயத்தில் கிருமியின் மேல் மட்டும் பழி போட நான் தயாரில்லை. இது பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. ஒரே வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரே வகை இருப்பதுதான் வழமை. அது எங்கே குடியிருக்கிறது என்பதும் முக்கியம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் அழற்சி என்றால் அமிலம் கூடிச் சுரந்து முன்சிறுகுடலில் புண் வரும். மேற்பகுதி முழுக்கப் பரவினால் அமிலம் குறைந்து, சுவர் தேய்ந்து, புற்றுநோய்ப் பக்கம் போகலாம். தொற்றியவர்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்குத்தான் வாழ்நாளில் புண் வரும். அண்ணா மூட்டுவலிக்கு டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் கேளுங்கள். பாமசியில் சும்மா வாங்கும் அந்தக் குளிசையும் இந்தக் கிருமியும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து பல மடங்கு.

கேள்வி: காக்-ஏ இருந்தால் புற்றுநோய் என்கிறார்களே, என் கிருமியில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். இந்தக் கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இலேயே முதலாம் வகுப்புப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது. காக்-ஏயின் வாற்பகுதியில் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஜப்பான், கொரியா பக்கத்துக் கிருமிகளில் அதன் ‘டி’ வடிவம், மேற்கு நாடுகளில் ‘சி’. ‘டி’ இன்னும் இறுக்கமாகக் கலத்தின் நொதியைப் பிடிக்கும். இந்தியக் கிருமிகளிலோ காக்-ஏ தாராளமாக உண்டு, ஆனால் இரைப்பைப் புற்றுநோய் கிழக்காசியா அளவுக்கு இல்லை. ஆக, மரபணு மட்டும் கணக்கை முடிக்காது. ரிப்போர்ட்டில் ‘காக்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் தருகிற மருந்து ஒன்றே. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். உப்பு ஏறிய கருவாட்டை மட்டும் தினசரிக் கறியாக்காதீர்கள். மிகுந்த உப்பு இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும், ஆய்வுகூடத்தில் காக்-ஏ சுரப்பதையும் அது கூட்டுகிறது. கொச்சிக்காயைப் பற்றிக் கேட்பீர்கள்: அது எரிக்கும், புண்ணை உண்டாக்காது.

கேள்வி: 14 நாள் மருந்து முடித்து இரண்டு மாதம். இரத்தப் பரிசோதனை இன்னும் ‘பொசிட்டிவ்’. மருந்து வேலை செய்யவில்லையா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: தவறான பரிசோதனை. இரத்தத்தில் பார்ப்பது பிறபொருளெதிரியை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே செய்யும் புரதத்தை. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்கும். யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் கிருமியின் துணுக்கைத் தேடும் அன்டிஜன் பரிசோதனை செய்யுங்கள். அன்டிபயோட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலை நிறுத்தி 2 வாரம் ஆகியிருக்க வேண்டும். ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டே போனால் கிருமி எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைந்து பொய்யாக ‘நெகட்டிவ்’ வரும்.

அப்படிப் பார்த்தும் கிருமி இருந்தால், இங்கேதான் மரபணு மாற்றம் உண்மையில் கை கடிக்கிறது. கிளாரித்ரோமைசின் போய் ஒட்டுவது கிருமி புரதம் செய்யும் பொறியின் 23எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற பகுதியில். அதன் மரபணுவில் 2143ஆம் எழுத்து ‘ஏ’யிலிருந்து ‘ஜி’ ஆனால் மருந்துக்குப் பிடி இல்லை. ஒரே ஓர் எழுத்து. முன்பு இருமலுக்கு எரித்ரோமைசினோ அசித்ரோமைசினோ அடிக்கடி போட்டவர்களிடம் இது கூடுதல், மூன்றும் ஒரே குடும்பம். எனவே இரண்டாம் சுற்றுக்குக் கிளாரித்ரோமைசினையே திரும்ப எழுதக் கூடாது. இதுவரை போட்ட அன்டிபயோட்டிக் பெயர்களை ஒரு துண்டில் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். எத்தனை வேளை தவறவிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நோன்பு காலத்தில் இந்த மருந்தை எடுக்கலாமா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: ஒமிப்ரசோல் 20 மி.கி., அமொக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மி.கி. என்ற முறை நாளைக்கு இரு வேளைதான். சஹருக்கும் இப்தாருக்கும் பொருந்தும். ஒமிப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள். நாளைக்கு நான்கு வேளை வரும், பிஸ்மத் என்ற உலோக உப்பும் சேர்ந்த முறை என்றால், புண்ணோ இரத்தக்கசிவோ இல்லாதவர்கள் பெருநாள் வரை தள்ளிவைக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அமொக்சிசிலின் கூடவே கூடாது.

கேள்வி: எருமைத் தயிர் கிருமியைக் கொல்லுமா?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: கொல்லாது. அன்டிபயோட்டிக்கால் வரும் வயிற்றோட்டத்தைக் கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் டெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் எழுதியிருந்தால் கவனம். தயிரிலும் பாலிலும் உள்ள கல்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

கேள்வி: பிஸ்மத் தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, திருக்கோவில்

பதில்: பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், நாக்கையும்தான். நிறுத்திய சில நாளில் சரியாகும். இரத்தக்கசிவின் கறுப்பு வேறு. தார் போல் ஒட்டும், பளபளக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும், கூடவே தலைசுற்றும் வரலாம். அப்படியானால், அல்லது கோப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போட்டுக்கொண்டிருக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.