படம் ஏன் பட்டமாகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தமிழ்99 விசைப்பலகை முறையில், வேர்டில் ஒரு நாவல் தட்டச்சு செய்துவருகிறேன். விண்டோஸ் 11 மடிக்கணினி. வீட்டில் இருக்கும்போது அதில் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டைச் செருகிக்கொள்வேன். மற்ற இடங்களில் மடிக்கணினியின் சொந்தக் கீபோர்டுதான். சில வாரங்களாக எழுதவே முடியவில்லை. வரியின் நடுவே ஒரு சொல்லைச் சேர்த்தால் அடுத்திருக்கும் எழுத்துகள் அழிந்துபோகின்றன. தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஆங்கில எழுத்து விழுகிறது. கர்சர் தானாக மேல் பத்திக்குத் தாவுகிறது. ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கிறது. அத்தியாயப் பிரிவுக்கு மூன்று சிறுகோடு போட்டால் அது பக்கம் முழுக்க நீளும் கோடாகிவிடுகிறது, அழிக்கவும் முடிவதில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ‘படம்’ என்று அடித்தால் சில சமயம் ‘பட்டம்’ என்று வருகிறது. வைரஸாக இருக்கும், விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவு என்கிறார் நண்பர். செய்யலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் வைரஸுக்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. ஆறு தொல்லைகளுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நினைப்பதால்தான் இது பெரிய நோயாகத் தெரிகிறது. இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு சங்கதிகள். இரண்டு வேர்டு செய்வது, இரண்டு விண்டோஸ் செய்வது, ஒன்று டச்பேட், ஒன்று மட்டுமே உண்மையான பழுது. விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்தப் பழுது அப்படியே இருக்கும். மற்றவை போனதுபோல் தோன்றி, அதே விசைகளில் கை படும் நாளில் திரும்பி வரும்.

எந்த அமைப்பையும் தொடும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். நோட்பேடைத் திறந்து அதில் அடியுங்கள்; அங்கே தொல்லை இல்லை என்றால் குற்றம் வேர்டினுடையது. அங்கேயும் இருந்தால் அடுத்த கீபோர்டில் அடித்துப் பாருங்கள்; உங்களிடம்தான் இரண்டு இருக்கின்றனவே. மூன்றாவதாக விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். நீங்கள் அழுத்தும் விசை அதில் ஒளிரும். கை வைக்காமலேயே ஷிஃப்ட்டோ கன்ட்ரோலோ ஒளிர்ந்துகொண்டிருந்தால் அது எங்கோ சிக்கியிருக்கிறது. இரு பக்கத்து ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை ஒவ்வொன்றாக ஒருமுறை தட்டிவிட்டால் பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

எழுத்து அழிவது ஓவர்டைப், அதாவது அடிக்கும் எழுத்து அடுத்திருக்கும் எழுத்தைத் தள்ளாமல் அதன் மேலேயே விழும் நிலை. இன்சர்ட் விசை பேக்ஸ்பேஸுக்கும் டெலீட்டுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. திருத்தும் அவசரத்தில் விரல் அதில் படும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் இன்சர்ட் விசையால் ஓவர்டைப்பைக் கட்டுப்படுத்தும் வரி ஒன்றும், அதன் கீழேயே ஓவர்டைப்பைப் பயன்படுத்தச் சொல்லும் வரி ஒன்றும் இருக்கும். இரண்டிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். கீழ்ப்பட்டையில் வலது கிளிக் செய்து ‘ஓவர்டைப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது எப்போதும் கண்ணில் தெரியும். நாவல் எழுதுகிறவருக்கு அந்தச் சிறு அறிவிப்பு அவசியம்.

மூன்று சிறுகோட்டுக்குப் பின் என்டர் தட்டினால் வேர்டு அவற்றை அழித்துவிட்டு மேலே உள்ள பத்திக்கு ஓர் ஓரக்கோடு போடுகிறது. அது எழுத்தல்ல, பத்தியின் ஒப்பனை. அதனால்தான் பேக்ஸ்பேஸுக்கு மசிவதில்லை. கர்சரைக் கோட்டுக்கு மேலுள்ள பத்தியில் வைத்து, ஹோம் பட்டையில் பார்டர்ஸ் பொத்தானில் ‘நோ பார்டர்’ கொடுங்கள். இனி வராமலிருக்க: ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், அதில் ‘ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்’ தாளில் ‘பார்டர் லைன்ஸ்’ டிக்கை எடுங்கள். வரியை எண்ணில் தொடங்கினால் அது பட்டியலாக மாறுவதும் அந்தத் தாளில்தான் நிற்கும். வேர்டு இப்படி எதையாவது மாற்றிய அடுத்த கணமே கன்ட்ரோல் இசட் ஒருமுறை தட்டினால் மாற்றம் மட்டும் போகும், நீங்கள் அடித்தது அப்படியே இருக்கும். பலரும் இதை அறியாமல் முழு வரியையும் அழித்துத் திரும்ப அடிக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு மாறுவது விண்டோஸின் வேலை. இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாறும்; கன்ட்ரோலும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் ஒரே மொழிக்குள் ஒரு விசைப்பலகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். தமிழ்99இல் ஸ, ஷ, ஜ, ஹ நான்குக்கும் ஷிஃப்ட் வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், அம்புக்குறி கொண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் இருந்தால் இந்தக் கூட்டணியில் கை படாமல் ஒரு மணி நேரம் எழுதுவதே கஷ்டம். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்க்வேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதனுள் இன்புட் லாங்க்வேஜ் ஹாட் கீஸ். ‘சேஞ்ச் கீ சீக்வென்ஸ்’ அழுத்தி இரு பக்கமும் ‘நாட் அசைன்டு’ என்று வையுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டி மாற்றும் வழி எப்போதும் இருக்கும். அது தற்செயலாக நிகழாது. அதே பக்கத்தில், ஒவ்வொரு செயலி ஜன்னலுக்கும் தனி உள்ளீட்டு முறையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதை இயக்கிவிட்டால் வேர்டு தமிழிலும் பிரவுசர் ஆங்கிலத்திலும் தத்தம் போக்கில் இருக்கும்.

ஸ்டிக்கி கீஸ் பெட்டி ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் வருவது. யோசனையில் விரல் தாளம் போட்டால் போதும். இதற்கு ஒரு தம்பியும் உண்டு: வலது ஷிஃப்ட்டை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வரும். அதற்கு ‘ஆம்’ சொல்லிவிட்டால் லேசாகத் தட்டும் விசைகளை விண்டோஸ் கண்டுகொள்ளாது. கீபோர்டே செத்துவிட்டது என்று புதிது வாங்கியவர்கள் பலர். செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, கீபோர்டு பக்கத்தில் இரண்டுக்கும் உள்ளே ‘கீபோர்டு ஷார்ட்கட்’ என்ற தனிச் சுவிட்ச் இருக்கிறது. குறுக்குவழியை மட்டும் அணையுங்கள். இந்த வசதிகளை வேண்டாத குப்பை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு விசைகளைச் சேர்த்துப் பிடிக்க முடியாதவர்களுக்கும், கை நடுங்குகிறவர்களுக்கும் கணினியைத் திறந்துவிடும் கதவுகள் இவை. உங்கள் கணினியை அப்படி இன்னொருவர் பகிர்ந்துகொண்டால் குறுக்குவழியையும் விட்டுவைத்து, பெட்டி வரும்போது ‘இல்லை’ சொல்லிப் பழகுங்கள்.

கர்சர் தாவுவது மடிக்கணினியின் சொந்தக் கீபோர்டில் அடிக்கும்போது மட்டும்தானா என்று பாருங்கள். அப்படியானால் கட்டைவிரலின் அடிச்சதை டச்பேடில் உரசுகிறது, அது கிளிக்காகிறது. ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், டேப்ஸ். அங்கே சென்சிட்டிவிட்டியை ‘லோ’ ஆக்குங்கள். பெயர்தான் உணர்திறன், விசையைத் தட்டியபின் எவ்வளவு நேரம் தொடுதலைப் புறக்கணிக்க வேண்டும் என்பதையும் இது தீர்மானிக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் ஒற்றை விரல் தட்டலைக் கிளிக்காக எடுத்துக்கொள்ளும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி பட்டம்.

தமிழ்99இல் ஒரே மெய்விசையை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ட, ட என்றால் ட்ட. ஆங்கிலத்தில் ஒரு விசை ஒரு தட்டுக்கு இருமுறை பதிந்தால் அது பிழை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், எழுத்துச் சரிபார்ப்பான் சிவப்புக் கோடு போடும். தமிழ்99இலோ அதே பழுது ஒழுங்கான இன்னொரு சொல்லைத் தந்துவிடுகிறது. படம் பட்டமாகும், பாடு பாட்டு, எடு எட்டு, வீடு வீட்டு. எந்தச் சரிபார்ப்பானும் இதைப் பிடிக்காது. நீங்கள் பயந்ததில் தவறே இல்லை.

காரணம் மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் சுவிட்சுக்குள் இருக்கிறது. விசையை அழுத்தும்போது இரண்டு உலோகத் தகடுகள் ஒட்டுகின்றன. ஒட்டும் கணத்தில் அவை சில முறை துள்ளிப் பிரிந்து சேரும். கீபோர்டின் மென்பொருள் இதற்காகவே சில மில்லிவினாடிகள், பொதுவாக ஐந்தளவு, காத்திருந்துதான் ஓர் அழுத்தம் என்று கணக்கெடுக்கும். தகட்டில் தூசோ துருப் படலமோ சேர்ந்தால் துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டிவிடும். இரண்டாவது துள்ளல் இரண்டாவது அழுத்தமாகிவிடும். விசையை நீங்கள் கூடுதல் நேரம் பிடித்ததால் வந்ததாக இருக்க முடியாது. பிடித்தால் மறுபடி விழத் தொடங்க விண்டோஸ் குறைந்தது கால் வினாடி எடுத்துக்கொள்ளும், வேகமாக எழுதும் விரல் அவ்வளவு நேரம் தங்காது.

உறுதிசெய்ய நோட்பேடில் ஆங்கிலத்துக்கு மாற்றி, ட இருக்கும் விசையை நிதானமாக ஐம்பது முறை தட்டுங்கள். கர்சர் அடுத்த இடத்தில் நிற்பதால் கீழ்ப்பட்டையில் நெடுவரிசை எண் 51 என்று காட்ட வேண்டும். 53, 54 என்றால் பழுது நிச்சயம். மடிக்கணினிக் கீபோர்டிலும் அதையே செய்து பாருங்கள். அங்கே 51தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

மெக்கானிக்கல் கீபோர்டின் வயரைக் கழற்றிவிட்டு, விசைமூடியை நேராக மேலே இழுத்து எடுங்கள். அழுத்தக் காற்றுக் குப்பியை நிமிர்த்திப் பிடித்து ஊதுங்கள். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சும். போதாவிட்டால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒன்றிரண்டு சொட்டு, சுவிட்சின் தண்டை அழுத்திப் பிடித்தபடி உள்ளே விட்டு, முப்பது நாற்பது முறை அழுத்தி விடுங்கள். சில மணி நேரம் உலர்ந்தபின்தான் வயரைச் செருக வேண்டும். மடிக்கணினி விசைகளில் இதைச் செய்யாதீர்கள். அவற்றின் கொக்கிகள் மெல்லியவை, உடைந்தால் ஒட்டாது.

உங்களுடையது சுவிட்சைக் கழற்றி மாட்டும் வகை என்றால் வேலை இன்னும் எளிது. அதிகம் பயன்படாத ஸ்க்ரோல் லாக் விசையின் சுவிட்சை எடுத்து ட இடத்திலும், ட சுவிட்சை அங்கேயும் மாட்டுங்கள். தொல்லை நின்றுவிட்டால் பழுது சுவிட்சில். பழையபடி ட இடத்திலேயே தொடர்ந்தால் கீழுள்ள பலகையில். பற்றவைத்த சுவிட்ச் என்றால் பற்றவைக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

ஃபில்டர் கீஸில் இரட்டை அழுத்தத்தை ஒதுக்கும் வசதி இருக்கிறது, அதைப் போடு என்று சொல்வார்கள். தமிழ்99இல் எழுதுகிறவர் அதைத் தொடவே கூடாது. அதன் மிகக் குறைந்த இடைவெளியே அரை வினாடி. நீங்கள் வேண்டுமென்றே இருமுறை தட்டும் ட்ட, க்க, ப்ப எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். அப்புறம் பட்டம் படமாகும்.

சுவிட்சைச் சரிசெய்தபின் பழைய பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. வேர்டில் கன்ட்ரோல் எஃப் தட்டி ‘ட்ட’ என்று தேடுங்கள். இடப்பக்கப் பலகத்தில் எல்லா இடங்களும் முன்பின் சொற்களோடு வரும். மிக அதிகம் என்று பட்டியல் காட்ட மறுத்தால் அத்தியாயங்களாகப் பிரித்துத் தேடுங்கள். ஓவர்டைப் விழுங்கியவற்றுக்கு, தொல்லை தொடங்குவதற்கு முன் சேமித்த பிரதி ஏதாவது இருந்தால் ரிவ்யூ பட்டையில் ‘கம்பேர்’ கொடுத்து இப்போதைய கோப்போடு ஒப்பிடுங்கள், காணாமல்போன எழுத்துகள் நிறம் மாறித் தெரியும். இதையெல்லாம் முடிக்கும்வரை ட அதிகம் வரும் திருத்தங்களை மடிக்கணினிக் கீபோர்டிலேயே செய்யுங்கள்.