பரிதாபத்துக்குக் கொடுத்த பரிசா?

வணக்கம் சார்,

நீங்கள் சொல்லி ‘ஜெங்கிஸ் ப்ளூஸ்’ ஆவணப்படம் பார்த்தேன். கண் தெரியாத அமெரிக்க ப்ளூஸ் பாடகர் பால் பெனா, ரஷ்யாவின் தென் சைபீரியாவில் இருக்கும் டூவாக்காரர்களின் தொண்டைப் பாட்டைத் தானாகவே கற்று, அங்கேயே போய்ப் பாடிப் பரிசும் வாங்குகிறார். அதிலிருந்து நானும் யூடியூப் வைத்துப் பழகுகிறேன். என் பாட்டு டீச்சர் “இருக்கிற குரலும் போயிடும்” என்று திட்டுகிறார். எனக்கு வேறொரு சந்தேகம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்வையில்லாத ஒருவர் வந்து பாடினால் யாருக்கும் மனசு இளகும். அது பரிதாபத்தில் கொடுத்த பரிசுதானே? அடுத்தவர் மரபை நாம் பழகுவது வேஷம் கட்டுகிற மாதிரி இல்லையா?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

பரிதாபம் என்றால் ஆறுதல் பரிசோடு அனுப்பியிருப்பார்கள். 1995ல் டூவாவின் தலைநகர் கிசிலில் நடந்த போட்டியில் அவருக்குக் கிடைத்தது, கார்கிரா என்ற அடிக்குரல் பாணிப் பிரிவில் முதல் பரிசு. அந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் பாடிய பிரிவு அது. ரசிகர்களின் அபிமானப் பாடகர் என்ற பரிசும் சேர்ந்து வந்தது. அந்த இரண்டாவதில் வேண்டுமானால் நீங்கள் சொல்கிற மன இளக்கம் கொஞ்சம் கலந்திருக்கலாம். முதலாவதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘செர் ஷிம்ஜேர்’. பூகம்பம் என்று அர்த்தம். பாவம் பார்த்து யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை.

குரலுக்கு வருகிறேன். தம்புராவில் நாம் கட்டுவது ‘சா’வும் ‘பா’வும்தான். ஆனால் சுருதி சுத்தமாகச் சேர்ந்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் (‘கா’) தானாக எழுந்து நிற்கும். மந்தர ஷட்ஜத் தந்திக்குள்ளேயே அதன் ஐந்து மடங்கு அதிர்வும் இருக்கிறது, அதுதான் அந்தக் காந்தாரம். மனிதக் குரலிலும் இப்படி மேற்சுரங்கள் அடுக்கடுக்காக உண்டு. டூவாக்காரர் அடிக்குரலை அசையாமல் பிடித்துக்கொண்டு, நாக்கையும் உதட்டையும் நகர்த்தி, அந்த அடுக்கில் ஒன்றை மட்டும் பெரிதாக்குகிறார். சிகித் என்ற பாணியில் அது விசில் போலவே கேட்கும். 8, 9, 10, 12 மடங்குகளை எடுத்தால் சா, ரி, கா, பா. பதினொன்றைப் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள். பதிமூன்று நம் தைவதத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். மோகன ராகமா என்று காது ஒரு நிமிடம் ஏமாறும்.

பெனாவின் கார்கிரா வேறு. அதில் குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளும் சேர்ந்து அதிர்கின்றன. நாண்கள் இரண்டு முறை அதிர்ந்தால் அவை ஒரு முறை. அதனால்தான் குரல் ஒரு ஸ்தாயி இறங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது. பழைய ப்ளூஸ் பாடகர்கள் தொண்டையைக் கரகரவென்று உறுமவைத்துப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பெனா அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். அவருடைய குடும்பத்தின் பூர்வீகமோ கேப் வெர்டே தீவுகள், அந்தத் தீவுப் பாட்டும் அவருக்குப் பழக்கம். டூவாக் குரலுக்குப் பாதி வழியை அவர் ஏற்கெனவே நடந்திருந்தார். (இந்தத் தயாரிப்பு எதுவும் இல்லாத நான் ஒருநாள் காலையில் முயன்று பார்த்தேன். வீட்டில் கேள்வி எதுவும் கேட்காமல் கஷாயம் வைத்துவிட்டார்கள்.)

நீங்கள் வேஷம் என்கிறீர்கள். 1984 டிசம்பர் கடைசியில், கொரிய மொழிப் பாடம் தேடிச் சிற்றலை ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த பெனா மாஸ்கோ வானொலியில் இந்தக் குரலைக் கேட்கிறார். அது யார், எந்த ஊர் என்று பிடிபட்டு ஒரு இசைத்தட்டு கையில் கிடைக்க ஏழு வருடம் ஆகிறது. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் குரலைப் பிடித்துவிட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்வேன், அது பலகுரல்தான். அவர் மொழியைப் படிக்க உட்கார்ந்தார். டூவா மொழியிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு அகராதி அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை. முதலில் டூவா - ரஷ்ய அகராதி, அப்புறம் ரஷ்ய - ஆங்கில அகராதி. இரண்டும் ப்ரெய்லில் இல்லை. ஆப்டகான் என்று ஒரு கருவி இருந்தது. அதன் சின்னக் கேமராவை ஒரு கையால் வரியின் மேல் நகர்த்தினால், எழுத்தின் வடிவம் மறு கையின் விரல்நுனியில் ஊசிமுனைகளாக அதிரும். ஒவ்வொரு எழுத்தாக, ஒரு சொல்லுக்கு இரண்டு அகராதி! 1993ல் டூவாவின் பெரிய பாடகர் கொங்கர்-ஓல் ஓந்தார் சான் பிரான்சிஸ்கோ வந்தபோது பெனா அவர் முன்னால் பாடிக் காட்டினார். அவரைக் கிசிலுக்குக் கூப்பிட்டதே ஓந்தார்தான்.

நம் பக்கமும் இதே கேள்வி வந்ததுண்டு. கர்நாடக சங்கீதம் கற்ற ஹிக்கின்ஸ் பாகவதர் திருவையாற்றில் பாடியபோது எத்தனை பேர் பாட்டைக் கேட்டார்கள், எத்தனை பேர் வேட்டி கட்டிய அமெரிக்கரைப் பார்த்தார்கள்? ஆனால் அவருக்கு விஸ்வநாதன், ரங்கநாதன் என்று நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகளே பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார்கள். பெனாவுக்கு வெகுநாள்வரை குரு என்று ஒரு தட்டுதான். ஹிக்கின்ஸ் விபத்தில் இறந்ததும் அதே 1984 டிசம்பரில். ஏனோ இது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

உங்கள் டீச்சர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். சிகித் பாடத் தொண்டையை இறுக்க வேண்டும், பழக்கமில்லாத கழுத்து அதில் கெட்டுப்போகும். வலித்தாலோ, மறுநாள் மேல் ஷட்ஜம் எட்டாவிட்டாலோ நிறுத்திவிடுங்கள். கற்பதானால் டூவாக்காரர் ஒருவரிடமே காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அது அவர்களுக்குப் பிழைப்பும்கூட. ஒரு பாட்டையாவது அர்த்தம் தெரிந்து பாடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், டீச்சர் வீட்டில் தம்புரா இருந்தால் (ஆப் வேண்டாம், அசல் தம்புரா) வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்க வேண்டாம். அந்தக் காந்தாரம் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்டதும் எழுதுங்கள்.