சிறு தொழிலுக்கு வீடியோ எடுப்பது எப்படி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிறு தொழில் செய்பவர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பதும், அவர்களே எடுக்கக் கற்றுக்கொடுப்பதும்தான் என் வேலை. கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் கேமராவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எதைப் பேசுவது என்பதிலிருந்து தொடங்குகிறேன், அது சரியில்லை என்றால் எந்தக் கேமராவாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: அக்கா, வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வீடியோ போடு, வீடியோ போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைப் பற்றிப் போடுவது என்றே பிடிபடவில்லை.

உங்கள் போனை எடுத்து, வாடிக்கையாளர்கள் கடைசியாக அனுப்பிய மெசேஜ்களைப் படித்துப் பாருங்கள். "அளவு நானே எடுத்து அனுப்பினால் சரியாக வருமா?", "துவைத்தால் சுருங்குமா?", "பிடிக்கவில்லை என்றால் பிரித்துத் தைத்துத் தருவீர்களா?" என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு வீடியோ. ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி போதும், இரண்டாவதைச் சேர்க்காதீர்கள். அவர்கள் கேட்ட அதே வார்த்தைகளையே தலைப்பாக வையுங்கள், ஏனென்றால் தேடும்போதும் மக்கள் அப்படித்தான் டைப் செய்கிறார்கள். "எங்கள் நிறுவனத்துக்கு நல்வரவு" மாதிரியான வீடியோவைத் தயவுசெய்து இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், அதை யாரும் தேடுவதில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும் வீடியோவில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: அதை யாருமே தானாக வந்து பார்க்காவிட்டாலும், அடுத்த முறை ஒருவர் அதே கேள்வியைக் கேட்கும்போது லிங்க்கை அனுப்பிவிடலாம். அன்றைக்கே அது உங்களுக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் வீடியோவில் நல்ல விஷயம்தான் சொல்கிறேன், ஆனால் தொடக்கத்திலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். ஏன்?

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். லோகோ சுற்றுகிறது, பிறகு வணக்கம், பிறகு உங்கள் பெயர், எந்த வருடம் தொழில் தொடங்கினீர்கள் என்ற கதை. விஷயம் வருவதற்குள் பார்ப்பவர் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. சுவரில் ஈரம் கசிவதைச் சரிசெய்கிறவர் நீங்கள். ஈரமான சுவரைக் காட்டியபடியே "இந்தச் சுவர் நனைவதற்குக் காரணம் மேல்தளம் இல்லை, உள்ளே போகும் குழாய்" என்று முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பதிலை முதலிலேயே சொன்னால் மீதியைப் பார்க்கமாட்டார்களே என்று பயம் வரும். அப்படி நடப்பதில்லை, பதில் கையில் கிடைத்தவர்தான் "எப்படிக் கண்டுபிடித்தார்?" என்று உட்கார்ந்து பார்ப்பார். பெயரை அப்புறம் சொல்லலாம், இல்லையென்றால் திரையின் கீழே எழுத்தாகப் போட்டுவிடலாம். யூடியூப் ஸ்டுடியோவில் (உங்கள் சேனலை நிர்வகிக்க யூடியூப் தரும் பக்கம்) பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று ஒரு வரைபடம் இருக்கும், அது சட்டென்று இறங்கும் இடத்தில் நீங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று போட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

கேள்வி: நல்ல கேமரா வாங்கவேண்டுமா? எந்த போன் வாங்கலாம்? (இதைக் கேட்டவர்கள் பலர்)

கையில் இருக்கும் போன் போதும். முன்பக்கக் கேமராவை விட்டுவிட்டுப் பின்பக்கக் கேமராவில் எடுங்கள், பெரும்பாலான போன்களில் அதுதான் தரமானது. எடுப்பதற்கு முன் லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள், நாள் முழுக்கக் கையில் இருந்த எண்ணெய்ப் பசைதான் பல வீடியோக்களில் தெரியும் அந்த மங்கலுக்குக் காரணம். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் நீங்கள் அசையும்போதெல்லாம் படம் வெளுப்பதும் கறுப்பதுமாக இருக்கும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்துவிடுவார்கள். கேமரா அமைப்பில் 1080பி (படத்தின் தெளிவு), நொடிக்கு 30 பிரேம் (நொடிக்கு எடுக்கும் படங்கள்) என்று இருந்தால் எல்லா இடத்துக்கும் போதுமானது. அதைவிடத் தெளிவான 4கே-யில் எடுத்தால் எடிட்டிங்கில் கொஞ்சம் நெருக்கமாக வெட்டிக்கொள்ள வசதி, ஆனால் போனில் இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது படத்தில் கோடுகோடாக ஓடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) ஆக இருக்கும் நாடுகளில் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கேமராவின் ஷட்டர் வேகம் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) அதோடு ஒத்துப்போகாதபோதுதான் கோடு வருகிறது. போனில் ப்ரோ மோட் (அமைப்புகளை நாமே மாற்றும் வசதி) இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஊரில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடி என்றும், 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/60 அல்லது 1/120 நொடி என்றும் வையுங்கள், நின்றுவிடும்.

கேள்வி: மேடம், படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. விலை உயர்ந்த மைக் வாங்கினால் சரியாகுமா?

பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம் இருக்கிறது என்றால் அது மைக்தான், ஆனால் விலை உயர்ந்தது தேவையில்லை. படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் புரியவில்லை என்றால் ஒரு நிமிடம்கூட இருக்கமாட்டார்கள். இதில் மைக்கின் விலையைவிட அது வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் உங்கள் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும், ஆனால் அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால்தான் தள்ளி வைத்த போனில் பதிவான குரல் கிணற்றுக் குரல் ஆகிறது. சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்றைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்திக்கொள்ளுங்கள், அது துணியிலும் நகையிலும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக் இப்போதைக்கு வாங்க முடியாது என்றால், இன்னொரு போனில் குரல் பதிவு ஆப்பைத் திறந்து படத்தில் தெரியாமல் உங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்து, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிவிடுங்கள், அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்துவது சுலபம்.

அறையும் முக்கியம். வெறும் சுவரும் தரையும் மட்டும் இருக்கும் அறையில் ஒருமுறை கைதட்டிக் கேளுங்கள், சத்தம் நீண்டு ஒலித்தால் அங்கே எடுக்காதீர்கள். திரைச்சீலை, மெத்தை, துணி அடுக்கிய அலமாரி இருக்கும் அறைதான் நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை.

கேள்வி: வெளிச்சத்துக்கு ரிங் லைட் அவசியமா?

இல்லை. ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், முதுகைக் காட்டி உட்காராதீர்கள். பகல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் ஒன்றாகக் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும், ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். இரவில்தான் எடுக்க முடியும் என்பவர்கள் ஒரு வெள்ளை விளக்கை வெள்ளைச் சுவரில் பட்டு முகத்துக்குத் திரும்பும்படி வையுங்கள்.

கேள்வி: கேமராவைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது அக்கா. மனப்பாடம் செய்து பேசினால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் வருகிறது.

மனப்பாடம் செய்ததுதான் தம்பி பிரச்சினை. வாடிக்கையாளர் நேரில் வந்தால் நீங்கள் திணறுவதில்லையே. அதனால் வாடிக்கையாளரையே கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம்: நண்பரோ வீட்டில் ஒருவரோ போனுக்கு ஒட்டினாற்போல் நின்று கேள்வியைக் கேட்கட்டும், நீங்கள் அவருக்குப் பதில் சொல்லுங்கள். அவர் கேட்டதை எடிட்டிங்கில் வெட்டிவிடலாம், அதற்காகப் பதிலைக் கேள்வியின் விஷயத்தோடு தொடங்கப் பழகுங்கள். "அரை மணி நேரம்" என்று மட்டும் சொல்லாமல் "பேட்டரி மாற்ற அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்வதென்றால் முழு வாக்கியம் வேண்டாம், மூன்று குறிப்பு மட்டும். தடுமாறினால் கேமராவை நிறுத்தாதீர்கள், மூச்சு விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள்.

முகத்தைக் காட்டவே பிடிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. கை மட்டும் தெரியட்டும். பூட்டைப் பிரிக்கும் கை, துணியை வெட்டும் கை, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டும் விரல், அதன் மேல் உங்கள் குரல். வேலை தெரிந்த கையைப் பார்த்தாலே நம்பிக்கை வந்துவிடும், முகம் தெரியும் வீடியோவிலும் நடுநடுவே இந்தக் கைக் காட்சிகளைச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்கவும் அவைதான் உதவும்.

கேள்வி: எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்? படுக்கை வசமா, செங்குத்தா?

கேள்விக்குப் பதில் முடிந்ததும் வீடியோ முடியவேண்டும், அவ்வளவுதான் நீளம். 2024 அக்டோபர் 15 முதல் யூடியூப் ஷார்ட்ஸ் (யூடியூபின் குறுகிய செங்குத்து வீடியோ) மூன்று நிமிடம் வரை போகலாம், அதற்காக மூன்று நிமிடத்தையும் நிரப்பவேண்டாம். புதியவர் கண்ணில் படுவதற்குச் செங்குத்து வீடியோ, தேடி வந்து நிதானமாகப் பார்ப்பவருக்குப் படுக்கை வச வீடியோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 2023 ஆகஸ்ட் 31-லிருந்து ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்ட்டிலும் போடும் லிங்க்கை அழுத்த முடியாது. அதனால் தொடர்பு எண்ணை வாயால் சொல்லுங்கள் அல்லது திரையில் காட்டுங்கள். பெரிய வீடியோ என்றால் விளக்கத்தில் நேரக்குறிப்பு போடுங்கள்: முதல் குறிப்பு 0:00 ஆக இருக்கவேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடியாவது இருக்கவேண்டும், அப்போதுதான் யூடியூப் அவற்றை அத்தியாயங்களாகக் காட்டும்.

கேள்வி: பின்னணியில் சினிமாப் பாட்டு வைத்தேன். சத்தத்தை நீக்கிவிட்டார்கள். பத்து நொடிதானே வைத்தேன்?

இத்தனை நொடி வரை இலவசம் என்று ஒரு விதி எங்குமே கிடையாது, அது காலகாலமாகச் சுற்றும் தவறான நம்பிக்கை. அதோடு, சில தளங்களில் தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பல பாட்டுகள் வணிகக் கணக்குக்குக் கிடைக்காது, ஏனென்றால் அங்கே அது விளம்பரமாகிவிடுகிறது. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது, சிலவற்றுக்கு மட்டும் உருவாக்கியவர் பெயரை விளக்கத்தில் போடவேண்டும். உண்மையைச் சொன்னால், விளக்கம் சொல்லும் வீடியோவுக்கு இசையே வேண்டாம். தையல் மிஷின் ஓடும் சத்தமும் ரம்பம் அறுக்கும் சத்தமும் உங்களுக்கு மட்டுமே சொந்தமானவை, அவற்றை ஏன் பாட்டைப் போட்டு மூடுகிறீர்கள்?

கேள்வி: சப்டைட்டில் போடத்தான் வேண்டுமா? நேரம் நிறையப் பிடிக்கிறதே.

போடுங்கள். பஸ்ஸில், அலுவலகத்தில், குழந்தை தூங்கும் அறையில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், காது கேளாதவர்கள் இருக்கிறார்கள். தானாக எழுதித் தரும் வசதியைப் பயன்படுத்திக்கொண்டு, பெயர்களையும் எண்களையும் மட்டுமாவது நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். செங்குத்து வீடியோவில் எழுத்தை அடியிலும் வலது ஓரத்திலும் வைக்காதீர்கள், அங்கே ஆப்பின் பட்டன்கள் வந்து மறைத்துவிடும்.

கேள்வி: மூன்று மாதமாகப் போடுகிறேன், நாற்பது வியூஸ் தாண்டவில்லை. விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

அந்த நாற்பது பேர் யார்? இதற்குப் பதில் தெரியாமல் விடாதீர்கள். நீங்கள் ஏசி பழுது பார்ப்பவர், உங்களால் போய்ச்சேரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். வெகுதூரத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்ப்பதைவிட, பக்கத்தில் இருக்கும் நாற்பது பேர் பார்த்து அதில் இரண்டு பேர் கூப்பிட்டால் வீடியோ வேலை செய்கிறது என்று அர்த்தம். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டு வருபவர்கள் போனில் கேட்கும் கேள்விகள் குறைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். அது எந்த அனலிட்டிக்ஸிலும் வராது, ஆனால் உங்கள் நாளில் மிச்சமாகும் நேரம் அதுதான். அழைப்பும் வரவில்லை, நேரமும் மிச்சமாகவில்லை என்றால் தலைப்பையும் முதல் வாக்கியத்தையும் மாற்றிப் பாருங்கள், தம்ப்நெயிலில் (வீடியோவைத் திறப்பதற்கு முன் தெரியும் முகப்புப் படம்) மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் எழுதாதீர்கள். வலது கீழ் மூலையில் எழுதினால் வீடியோ நீளத்தைக் காட்டும் கட்டம் மறைத்துவிடும்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் பாராட்டிப் பேசுவதை எடுத்துப் போடலாமா? சிலர் நடிப்பதற்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஆள் வைக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் பெயர் போகும் என்பது ஒரு பக்கம், வாடிக்கையாளரை ஏமாற்றுவது என்பது அதைவிடப் பெரியது. உண்மையானவர்களிடம் எங்கெங்கே போடப்போகிறோம் என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு நல்லது. பிறகு "எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள், "சேவை அருமை" என்றுதான் வரும். "வருவதற்கு முன்னால் உங்களுக்கு என்ன தயக்கம் இருந்தது?" என்று கேளுங்கள். அந்தத் தயக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் இருக்கிறது.

கேள்வி: ஏஐ குரலும் ஏஐ முகமும் வைத்து எடுத்தால் வேலை மிச்சம்தானே?

சப்டைட்டில் எழுத, பின்னணி இரைச்சலைக் குறைக்க, நீண்ட பேச்சில் தேவையில்லாத இடத்தைக் கண்டுபிடிக்க ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முகத்தையும் குரலையும் மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். உங்களைப் போன்ற சிறு தொழில் செய்பவரிடம் பெரிய நிறுவனத்திடம் இல்லாத ஒன்று இருக்கிறது, வேலை செய்யும் ஆளே நேரில் வந்து பேசுவது. அதைக் கொடுத்துவிட்டு என்ன மிச்சப்படுத்துவது? மேலும், உண்மை போலவே தோன்றும்படி உருவாக்கிய காட்சி என்றால் பதிவேற்றும்போது அதைத் தெரிவிக்கவேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச்சிலிருந்து கேட்கிறது.

கேள்வி: எடிட் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடுகிறது. வாரத்துக்கு எத்தனை வீடியோ போடவேண்டும் என்றும் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள், தரம் குறையாது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை, தொழில் கெடாமல் எத்தனை முடியுமோ அத்தனை. ஒரு நாள் காலையில், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது மைக்கை ஒருமுறை மாட்டிக்கொண்டு நான்கு கேள்விகளுக்குப் பதிலை எடுத்துவிடுங்கள், வாரம் ஒன்றாக ஒரு மாதத்துக்கு வரும். முதல் நான்கு கேள்விகள் உங்கள் போனிலேயே இருக்கின்றன, எழுதி எனக்கு அனுப்பினால் எதை முதலில் எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.