கேமராவுக்கு முன் கட்டிங் மேசையைப் பாருங்கள்

ஐயா, வணக்கம். உங்கள் திருப்பூர் பனியன் யூனிட்டில் மதியத்துக்குப் பிறகு டெய்லர்கள் கைப்பேசியிலேயே மூழ்கிவிடுவதாகவும், அதனால் கேமரா பொருத்தப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குச் செலவழிக்கும் முன், அவர்கள் கைப்பேசியை எடுக்கும் நேரத்தில் துணியின் ஓரங்களை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தின் அருகே, கட்டிங் மேசையில் வெட்டி அனுப்பிய துணிக் கட்டு தைப்பதற்கு இருக்கிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். உடல் பீஸ் வந்து கை பீஸ் வராமலோ, உடைந்த ஊசியை மாற்ற மெக்கானிக்கை எதிர்பார்த்தோ உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியைத் தேடுவது இயல்புதானே? தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்கும் பீஸ் ரேட்காரராக இருந்தால் கூலி போகிறதே என்று அவரே சத்தம் போடுவார். ஷிப்ட் சம்பளக்காரர் நீங்கள் கேட்டால்தான் சொல்வார். ஆகவே மதியத்துக்கான கட்டுகளைச் சைஸ் வாரியாகக் காலையிலேயே அடுக்கி, மாற்று ஊசிகளைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவையுங்கள். வேலை கையில் இருந்தும் கைப்பேசி பார்ப்பவரை மட்டும் தனியே அழைத்துப் பேசுங்கள்; எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டால், சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அவர் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார்.