21 வார கர்ப்பம், கணவர் இல்லை: கருக்கலைப்புக்கு மாமனார் கையெழுத்து வேண்டுமா?

கேள்வி: முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கிறேன். வயது 29. மூத்தவளை 6 வருடத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு கணவர் விபத்தில் இறந்துவிட்டார். போன வாரம் எடுத்த ஸ்கேனில் 21 வாரம். இன்னொரு பிள்ளையை வளர்க்க மனசும் இல்லை, தெம்பும் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் மாமனார் கையெழுத்து கேட்கிறார்கள். "அந்தக் காலத்துல உப்புத் தண்ணி ஊசி போட்டு எத்தன பேரு செத்தாவ" என்கிறாள் ஆச்சி. மாத்திரை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: சகோதரி, மாமனார் கையெழுத்து வேண்டாம். மருத்துவமனையில் நீங்கள் கையெழுத்திடும் சம்மதப் படிவத்தில் அப்பா அல்லது கணவர் பெயர் எழுத இடம் உண்டு. அவர்கள் கையெழுத்துப் போட இடமே இல்லை. 18 வயது நிரம்பாதவருக்கும் மனநலம் பாதித்தவருக்கும் மட்டும்தான் காப்பாளர் கையெழுத்து.

1971 கருக்கலைப்புச் சட்டத்தில் 20 வாரம்தான் எல்லை. 2021 திருத்தம் சிலருக்கு அதை 24 வாரம் ஆக்கியது. கர்ப்பமாக இருக்கும்போது கணவரை இழந்தவர் அந்தப் பட்டியலில் நேரடியாகவே இருக்கிறார். ஆனால் கேட்டதும் செய்துவிட மாட்டார்கள். கர்ப்பம் தொடர்ந்தால் உங்கள் உயிருக்கு ஆபத்து, அல்லது உடலுக்கோ மனசுக்கோ கடும் பாதிப்பு என்று இரண்டு டாக்டர்கள் கருத வேண்டும். உங்கள் குடும்பச் சூழ்நிலையையும் அவர்கள் கணக்கில் எடுக்கலாம். அதனால் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆச்சி சொல்வது பொய்யில்லை. ஒரு காலத்தில் வயிறு வழியாக ஊசி குத்திப் பனிக்குடத்துக்குள் கெட்டியான உப்புக் கரைசலை ஏற்றினார்கள். அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் ரத்தத்தில் உப்பு ஏறி மூளை பாதிக்கும். சிலருக்கு ரத்தம் உறையாமல் போய் உயிரே போனது. அதன்பின் நம் நாட்டில் ரப்பர் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் எதாக்ரிடின் என்ற மஞ்சள் மருந்து செலுத்துவது வழக்கமானது. உப்பை விட அது பாதுகாப்பானது. ஆனால் வெகுநேரம் பிடிக்கும். இன்று மிஃபிப்ரிஸ்டோன் என்ற மாத்திரை கொடுத்து, ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையை மணிக்கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். பழகிய கை இருந்தால் கர்ப்பப்பை வாயை விரித்துக் கருவி மூலமும் எடுப்பதுண்டு. உலக சுகாதார நிறுவனம் ஏற்பது இந்த இரண்டு முறைகளையும்தான்.

அதே மாத்திரைதானே, வீட்டிலேயே போட்டால் என்ன என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் வரும் அட்டை 9 வாரம் வரைக்கானது. அதற்கும் டாக்டர் சீட்டு வேண்டும். 21 வாரத்தில் நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கலாம், ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். உங்களுக்குப் பழைய ஆபரேஷன் தழும்பு வேறு இருக்கிறது. அபூர்வம்தான், என்றாலும் அந்த இடத்தில் கர்ப்பப்பை கிழியலாம். மருந்தின் அளவையும் இடைவெளியையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்தம் ஏற்றவும் வயிற்றைத் திறக்கவும் வசதி உள்ள இடமாக இருக்க வேண்டும். பதிவு பெற்ற டாக்டர் அல்லாதவர் கலைத்தால் 2 முதல் 7 ஆண்டு கடுங்காவல். அந்த மாத்திரைக்காரரை விட்டு விலகுங்கள்.

உங்களுக்கு மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. நாளைக் காலையே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், கணவரின் இறப்புச் சான்று, மூத்தவள் பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விவரத்தை மாமனார் வீட்டுக்குச் சொல்ல டாக்டருக்கு உரிமை இல்லை. சொன்னால் ஓராண்டு வரை சிறை. முடியாது என்று திருப்பி அனுப்பினால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்கே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அவசர மனு போடலாம்.