மறு: பிரீசீசனில் 120 ரேட்டிங், இருந்தும் மூன்றாவது இடமா?

NFL (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது புது வீரர் தேர்வில், ஐந்தாம் சுற்றில் எடுத்த பையன் ரெண்டு பிரீசீசன் (சீசனுக்கு முந்தைய) ஆட்டத்திலும் கலக்கியும், கோச் அவனை மூன்றாவது குவார்ட்டர்பேக்காகவே (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவர்) வச்சிருக்காரேன்னு கேட்டிருக்கீங்க. ரேட்டிங்கை (வீச்சுக்கான மதிப்பெண்) விட்டுடுங்க. இருபது வீச்சுக்கும் குறைவா இருந்தா, ஒரே ஒரு ஸ்கிரீன் பாஸ் (பக்கத்திலேயே போடுற குட்டி வீச்சு) டச்டவுன் ஆனாலே அது எகிறிடும்.

நாலாவது குவார்ட்டரில் எதிரே நிக்கிறவங்களில் பலர் சீசனுக்கான 53 பேர் பட்டியலுக்கே வரமாட்டாங்க. டிஃபென்ஸும் கையில் உள்ளதைக் காட்டாது; பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக் மேல் கூடுதல் ஆளை ஏவுறது) குறைவு, கவரேஜை (வீச்சைப் பிடிக்கிறவங்களைக் காவல் காக்கிற முறை) மறைக்கிற வேலையும் குறைவு.

பதிவு இருந்தா, 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்ட மூன்றாவது டவுன்களை (10 யார்டு எடுக்கக் கிடைக்கிற நாலு முயற்சியில் மூன்றாவது) மட்டும் திரும்பப் பாருங்க. ஸ்னாப்பிலிருந்து (பந்து அவன் கைக்கு வர்ற தொடக்கம்) மூணு வினாடிக்குள் பந்து கையை விட்டுப் போகுதா? முதல் ரிசீவரை (வீச்சைப் பிடிக்கிறவர்) எதிரணி மூடியிருந்தா கண் அடுத்தவனிடம் போகுதா, இல்லே உடனே காலைக் கிளப்பி ஓடுறானா? ஓடி எடுத்த 12 யார்டுக்கு அரங்கம் கைதட்டும், கோச் தலையில் அடிச்சுக்குவார்.

2012ல் சியாட்டிலில் மூன்றாம் சுற்று ரசல் வில்சன் பிரீசீசனில்தான் முதல் குவார்ட்டர்பேக் இடத்துக்கு மேட் ஃபிளின்னைத் தாண்டினார், உண்மை. ஆனா 2008 டெட்ராய்ட் பிரீசீசனில் 4-0 (நாலும் வெற்றி), சீசனில் 0-16 (பதினாறும் தோல்வி)!

பையனைப் பயிற்சி அணியில் (53 பேருக்கு வெளியே வச்சிருக்கிற கூடுதல் வீரர்கள்) ஒளிச்சு வைக்கலாம்னு நினைக்காதீங்க. புதுப் பையனை வெட்டினா முதலில் வேய்வருக்குப் (வெட்டினவரை மத்த அணிகள் கேட்டு எடுக்கிற பட்டியல்) போவான், மத்த 31 அணியில் எதுவும் தூக்கிக்கலாம். நாலு சீசன் முடிச்ச மூத்தவருக்கு ஆகஸ்ட் வெட்டில் அந்தச் சிக்கல் இல்லை. அதனால மூத்தவரை விட்டுட்டு, ரெண்டு நாளில் திரும்பக் கூப்பிடுறதும் நடக்கும்.