மோட்டார் கேள்வி–பதில்: ஸ்போர்ட்ஸ் செடானின் சில்லறைத் தொல்லைகள்

கே: என்னுடையது ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான். நான்கும் 225/45 R18 ரன்-ஃப்ளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்) டயர்கள். சின்னப் பள்ளத்துக்கே இடுப்பில் அடி விழுகிறது. ஸ்டெப்னியும் கிடையாது. சாதாரண டயருக்கு மாறலாமா? (கோவை வாசகர்)

ப: மாறலாம். அதற்கு முன் காற்றைப் பாருங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில், ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவும் முழு பாரத்துக்கு ஓர் அளவும் இருக்கும். பங்க்கில் பெரும்பாலும் கூடுதலாகவே அடைத்துவிடுகிறார்கள். காலையில் டயர் சூடேறும் முன் அளந்து, ஆளுக்கேற்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். பாதித் தொல்லை இதிலேயே தீரக்கூடும்.

மீதிக்குக் காரணம் டயரின் பக்கச்சுவர். காற்றே இல்லாவிட்டாலும் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் பாரம் தாங்க வேண்டும் என்பதால், அதைத் தடிமனாகவும் விறைப்பாகவும் செய்கிறார்கள். சாதாரண டயர் போட்டால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். டயரில் பொறித்திருக்கும் பாரக் குறியீடும் (எவ்வளவு எடை தாங்கும்) வேகக் குறியீடும் (எவ்வளவு வேகம் தாங்கும்) குறையக் கூடாது. 17 அங்குல வீல் உங்கள் பிரேக் காலிப்பரில் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) இடிக்காது என்றால் 225/50 R17 இன்னும் நல்லது. மொத்த விட்டம் 3 மி.மீ. அளவுகூட மாறாது, பள்ளத்தை வாங்க ரப்பர் மட்டும் 11 மி.மீ. கூடும். வளைவில் ஸ்டீயரிங் கூர்மை கொஞ்சம் மழுங்கும். நம் சாலைகளுக்கு அது நஷ்டமில்லை என்பது என் கட்சி.

டிக்கியில் 12 வோல்ட் கம்ப்ரஸர், பஞ்சர் கிட் இரண்டும் நிரந்தரமாக இருக்கட்டும். பக்கச்சுவர் கிழிந்தால் இரண்டும் உதவாது, டோயிங் வண்டிதான்.

கே: மெதுவாக நிறுத்தும்போது பிரேக் கீச்சிடுகிறது. பேட் தேயவில்லை என்கிறார்கள். (மதுரை வாசகர்)

ப: மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ மறுநாள் காலை மட்டும் என்றால், டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. நாலைந்து முறை மிதித்தால் போய்விடும். நாள் முழுக்கக் கேட்டால் பேட் அதிர்கிறது. கழற்றி, காலிப்பர் நகர்வதற்கான கைடு பின்களைச் சுத்தம் செய்து, பேட்டின் முதுகில் மட்டும் செராமிக் பிரேக் கிரீஸை மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். உராயும் பக்கத்தில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. பிறகு காலிச் சாலையில் 80-லிருந்து 20 கி.மீ.க்கு நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். அடுத்த பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

இதற்குப் பிறகும் லேசாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். பேட் 3 மி.மீ.க்குக் கீழே போனால் சத்தமில்லாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

கே: இரண்டு வாரம் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. (திருச்சி வாசகர்)

ப: பூட்டிய வண்டியிலும் அலாரமும் சாவி ரிசீவரும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். தினமும் நாலு கி.மீ. மட்டும் ஓடுகிற வண்டியில் அந்த இழப்பு ஈடாகாது. ஏ.ஜி.எம். பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) முழுதாக ஏறியிருந்தால் ஓய்வில் 12.8 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். நிறுத்தும் நாட்களில் ஏ.ஜி.எம். வசதியுள்ள ஸ்மார்ட் சார்ஜரை மாட்டுங்கள். மாற்ற நேர்ந்தால் ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஏ.ஜி.எம்.தான். பி.எம்.டபிள்யூ. போன்றவற்றில் புது பேட்டரியை ஸ்கேனர் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்து வண்டி சார்ஜ் ஏற்றும்.

கே: வேகத்தடையில் முன் பம்பர் உரசுகிறது. (சேலம் வாசகர்)

ப: தடை மேல் ஏறும்போது பிரேக்கில் கால் இருந்தால் மூக்கு தாழும். முன்பே வேகத்தைக் குறைத்து, டயர் ஏறும் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். இடமிருந்தால் சற்றுச் சாய்வாக ஏறுங்கள்.